மின்சாரம் போனாலும் வேலை போகாதிருக்க: ரீமக்ஸ் பாவிப்போருக்கு ஒரு வழிகாட்டி

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருளில் மூழ்கியது. இவை செய்தியான மின்தடைகள். செய்தியாகாத ஐந்து நிமிடத் தடைகளும், மழைக்கு அறுந்துபோகும் இணையமும், தரவு தீர்ந்துபோகும் கைத்தொலைபேசியும் அன்றாடம் நடப்பவை.

வீட்டில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு தூரத்து வழங்கி ஒன்றில் வேலை செய்யும் இளையோர் வடக்கிலும் கிழக்கிலும் இன்று பலர் இருக்கிறார்கள். சிலர் சம்பளத்துக்குச் செய்கிறார்கள். சிலர் சம்பளமில்லாமல் பழைய பத்திரிகைகளையும் சிறுசஞ்சிகைகளையும் ஊர் மலர்களையும் எண்ணிமப்படுத்துகிறார்கள். 1981இல் யாழ். பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் பிறகு இடப்பெயர்வுகளில் வீட்டுக்கு வீடு தொலைந்த கடிதங்களுக்கும் படங்களுக்கும் கணக்கில்லை. மிஞ்சிய ஒரு பிரதியை வருடி, அதன் எழுத்துகளைக் கணினி வாசிக்கும்படி மாற்றுவது சின்ன வேலையல்ல. 400 பக்கம் கொண்ட ஒரு தொகுப்பை டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது, 310ஆம் பக்கத்தில் இணைப்பு அறுந்தால் அந்த ஓட்டமும் அங்கேயே நின்றுவிடும்.

இந்த இழப்பைத் தடுக்க ஒரு சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் பெயர் ரீமக்ஸ். அதைத் தொடங்குவது எப்படி, அது மக்கர் பண்ணும்போது என்ன செய்வது, நமது தேவைக்கேற்ப எப்படி மாற்றிக்கொள்வது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வாசிக்க முன்னர் ஒரு விடயம். கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பதுபோல் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும். ரீமக்ஸ் என்பது ரி, எம், யூ, எக்ஸ் என்ற நான்கு எழுத்து. பெரிய எழுத்து வரும் இடங்களைத் தனியாகக் குறிப்பிடுகிறோம்.

வேலை ஏன் சாகிறது?

எஸ்எஸ்எச் மூலம் வழங்கிக்குள் நுழைந்து ஒரு கட்டளையை ஓடவிடும்போது, அந்தக் கட்டளை உங்கள் இணைப்பின் பிள்ளையாகவே பிறக்கிறது. இணைப்பு அறுந்தது தெரிந்ததும் வழங்கி அந்த முனையத்தை மூடி, அதில் ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கு 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்ற சமிக்ஞையை அனுப்பும். பெரும்பாலான நிரல்கள் அதைக் கேட்டதும் நின்றுவிடும். வழங்கிக்கு மின்சாரம் இருந்தும், நமது வீட்டில் மின்சாரம் போனதற்காக அங்குள்ள வேலை சாகிறது.

ரீமக்ஸ் இந்த உறவை மாற்றுகிறது. வழங்கியிலேயே பின்னணியில் ஒரு நிரலாக இருந்து, உங்கள் வேலைகளை அது தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது அதன் ஒரு சன்னல் மட்டுமே. சன்னல் மூடப்பட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். திரும்பி வந்து அதே சன்னலைத் திறந்துகொள்ளலாம்.

இதே வேலையைச் செய்யும் ஸ்கிரீன் என்ற மென்பொருள் 1987இலேயே ஜேர்மனியின் பெர்லினில் உருவானது. ரீமக்ஸை நிக்கலஸ் மேரியட் 2007இல் எழுதத் தொடங்கினார். 2009இல் அது ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஒரு பகுதியானது. இப்போது உபுண்டு, டெபியன், ஃபெடோரா என எல்லா லினக்ஸ் வகைகளிலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம்.

தொடங்குவது

புதிதாகப் பழகுவோர் விடும் முதல் பிழை, ரீமக்ஸைத் தமது மடிக்கணினியில் தொடங்கிவிட்டு அதன் பிறகு வழங்கிக்குள் நுழைவது. அப்படிச் செய்தால் பயனில்லை. முதலில் எஸ்எஸ்எச் மூலம் வழங்கிக்குள் போங்கள். அங்கே ரீமக்ஸைத் தொடங்குங்கள்.

'ரீமக்ஸ் நியூ -எஸ் மலர்' என்று கொடுத்தால் 'மலர்' என்ற பெயரில் ஓர் அமர்வு தொடங்கும். பெயரில் புள்ளியும் முக்காற்புள்ளியும் வேண்டாம். திரையின் அடியில் பச்சைப் பட்டை தெரிந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

ரீமக்ஸிடம் ஏதாவது சொல்லவேண்டுமானால் முதலில் கொன்ட்ரோல் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டையும் விட்டுவிட்டு, அடுத்த விசையை அழுத்தவேண்டும். இதை இனி முன்விசை என்போம். பலர் மூன்றையும் ஒன்றாக அழுத்திவிட்டு 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள்.

முன்விசையின் பின் டி: அமர்விலிருந்து கழன்று வெளியே வருவீர்கள். வேலை உள்ளே ஓடும்.
முன்விசையின் பின் சி: புதிய சாளரம். என் அடுத்தது, பி முந்தையது.
முன்விசையின் பின் % குறி: திரை இடம் வலமாகப் பிரியும். இரட்டை மேற்கோள் குறி: மேல் கீழாகப் பிரியும்.
முன்விசையின் பின் அம்புக்குறி: ஒரு பலகத்திலிருந்து மற்றதற்குப் போகலாம்.
முன்விசையின் பின் இசட்: ஒரு பலகம் மட்டும் முழுத்திரையாகும். மீண்டும் அழுத்தினால் பழையபடி வரும்.
முன்விசையின் பின் கேள்விக்குறி: எல்லா விசைகளின் பட்டியல்.

மின்சாரம் வந்ததும் வழங்கிக்குள் மீண்டும் நுழைந்து 'ரீமக்ஸ் எல்எஸ்' என்று கொடுங்கள். இருக்கும் அமர்வுகள் வரிசையாகத் தெரியும். 'ரீமக்ஸ் அட்டாச் -ரி மலர்' என்றால் விட்ட இடத்துக்கே திரும்பலாம்.

சிக்கல்களும் தீர்வுகளும்

1. அமர்வையே காணவில்லை

'நோ சேர்வர் ரன்னிங்' என்று வந்தால் பதறவேண்டாம். நான்கு காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது, அதே வழங்கியிலா, அதே பயனர் பெயரிலா நுழைந்திருக்கிறீர்கள்? ஒரு பயனரின் அமர்வு மற்றவருக்குத் தெரியாது. முன்னர் சூடோ போட்டுத் தொடங்கியிருந்தால் இப்போதும் சூடோ போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, வழங்கியே மறுதொடக்கம் செய்யப்பட்டதா? 'அப்டைம்' என்ற கட்டளை வழங்கி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும். சில நிமிடங்கள் மட்டும் என்றால் அமர்வு போய்விட்டது.

மூன்றாவது, ரீமக்ஸ் உயிரோடு இருந்தும் அதன் வாசல் அழிந்திருக்கலாம். ரீஎம்பி என்ற தற்காலிகக் கோப்புறைக்குள் உங்கள் பயனர் எண்ணோடு ஒரு சிறிய கோப்புறை இருக்கும். ரீமக்ஸுடன் பேசுவதற்கான இணைப்புக் கோப்பு அதற்குள்தான் இருக்கிறது. பழைய கோப்புகளைத் துப்பரவாக்கும் நிரல்கள் சிலவேளை அதையும் அழித்துவிடும். 'பீகில் -யூஎஸ்ஆர்1 ரீமக்ஸ்' என்ற கட்டளை அந்த வாசலைத் திரும்ப உருவாக்கும். இதில் யூஎஸ்ஆர் பெரிய எழுத்து. பீகில் என்ற பெயர் பயமுறுத்தினாலும் இந்தச் சமிக்ஞை ரீமக்ஸைக் கொல்லாது.

நான்காவது, நீங்கள் வெளியேறியதும் உங்கள் எல்லா நிரல்களையும் நிறுத்தும்படி வழங்கி அமைக்கப்பட்டிருக்கலாம். 2016இல் வந்த சிஸ்டம்டி 230ஆம் பதிப்பு இதை இயல்பு நடத்தையாக்கியது. பல லினக்ஸ் வகைகள் அதை மாற்றி வைத்தன, எல்லாமல்ல. கழன்று வெளியேறி மீண்டும் வந்தால் ஒவ்வொரு முறையும் அமர்வு காணாமல் போகிறதென்றால் இதுவே காரணமாக இருக்கலாம். 'கில்யூசர்புரொசெசஸ்' என்ற அமைப்பைப் பார்க்கும்படி வழங்கியின் நிர்வாகியிடம் கேளுங்கள்.

2. திரை உறைந்துவிட்டது

கொன்ட்ரோலும் எஸ்ஸும் தவறுதலாக அழுத்தப்பட்டால் முனையம் எழுத்துக் காட்டுவதை நிறுத்திவிடும். கொன்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் திரும்பும். பட்டையில் மணி ஓடுகிறது, எழுத்து மட்டும் விழவில்லை என்றால், மேல் வலது மூலையில் மஞ்சள் நிறத்தில் இரண்டு எண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நீங்கள் பழைய வரிகளைப் பார்க்கும் நிலையில் இருக்கிறீர்கள். கியூவை மட்டும் அழுத்தினால் வெளியே வரலாம்.

எதற்குமே பதில் இல்லையென்றால் இணைப்பு அறுந்திருக்கிறது. என்டர், அடுத்து ~ குறி, அடுத்து புள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் செத்த எஸ்எஸ்எச் இணைப்பு மூடிக்கொள்ளும். பிறகு புதிதாக நுழையுங்கள்.

3. திரையின் ஒரு பகுதி முழுவதும் புள்ளிகள்

அதே அமர்வு வேறொரு சிறிய திரையிலும் திறந்திருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் கைத்தொலைபேசியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். 'ரீமக்ஸ் அட்டாச் -டி -ரி மலர்' என்று நுழைந்தால் மற்றவை கழற்றிவிடப்பட்டு முழுத்திரையும் உங்களுக்குக் கிடைக்கும்.

4. தமிழ் எழுத்துக்குப் பதிலாக அடிக்கோடுகள்

இது நமக்கே உரிய சிக்கல். உங்கள் முனையம் யுனிகோட்டைக் காட்டாது என்று ரீமக்ஸ் நினைத்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக அடிக்கோடு போடும். கழன்று வந்து, 'ரீமக்ஸ் -யூ அட்டாச்' என்று மீண்டும் நுழையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் 'லொகேல்' என்ற கட்டளையைக் கொடுத்து, எல்சி_சிடைப் என்ற வரியில் யூரிஎஃப்-8 என்பது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழங்கியின் மொழி அமைப்பை யூரிஎஃப்-8க்கு மாற்றவேண்டும்.

அதன் பிறகும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், கொம்பும் காலும் இடம் மாறலாம். ஆங்கில எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்கிட்டுப் பழகிய முனையங்கள் 'கொ', 'ணௌ' போன்ற எழுத்துகளின் அகலத்தில் தடுமாறுகின்றன. இது காட்சிப் பிழை மட்டுமே, கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கோப்பை மடிக்கணினிக்கு இறக்கி, சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பார்க்காமல் அழிக்கவோ மறுபடி தொடங்கவோ வேண்டாம்.

5. மேலே போன வரிகளைப் பார்க்க முடியவில்லை

முன்விசையின் பின் [ குறியை அழுத்தி, பக்க விசைகளால் மேலே போகலாம். ரீமக்ஸ் இயல்பாக 2,000 வரிகளையே நினைவில் வைத்திருக்கும். நீண்ட வேலைகளுக்கு அது போதாது. எண்ணிக்கையைக் கூட்டும் வழியைக் கீழே சொல்கிறோம்.

6. 'மிஸ்ஸிங் ஓர் அன்சூட்டபிள் டேர்மினல்'

உங்கள் முனையத்தின் பெயர் வழங்கிக்குத் தெரியவில்லை. புதிய முனையச் செயலிகளைப் பாவிப்போருக்கு இது வரும். ரீமக்ஸ் கட்டளைக்கு முன்னால் 'டேர்ம்=எக்ஸ்டேர்ம்-256கலர்' என்று சேர்த்துக் கொடுங்கள். இதில் முதல் சொல்லான டேர்ம் பெரிய எழுத்து. மீதி சிறிய எழுத்து.

7. 'செஷன்ஸ் ஷுட் பி நெஸ்டட் வித் கெயர்'

ரீமக்ஸுக்குள் இருந்துகொண்டே இன்னொரு ரீமக்ஸைத் தொடங்கப் பார்க்கிறீர்கள். அமர்வு மாறுவதுதான் நோக்கமென்றால் முன்விசையின் பின் எஸ் அழுத்துங்கள். பட்டியல் வரும், தெரிவு செய்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. எந்தச் சிக்கலுக்கும் 'ரீமக்ஸ் கில்-சேர்வர்' என்ற கட்டளையை முதல் மருந்தாகக் கொடுக்காதீர்கள். அது உங்கள் எல்லா அமர்வுகளையும், உள்ளே ஓடும் எல்லா வேலைகளையும் கேட்காமலே கொன்றுவிடும்.

நமக்கேற்ப மாற்றிக்கொள்வது

வழங்கியில் உங்கள் வீட்டுக் கோப்புறையில் '.ரீமக்ஸ்.கொன்ஃப்' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்குங்கள். கொன்ஃப் என்பது சி, ஓ, என், எஃப். பெயர் புள்ளியோடு தொடங்கவேண்டும். தொடங்குவோருக்கு இந்த நான்கு வரிகள் போதும்.

செட் -ஜி மவுஸ் ஒன்
செட் -ஜி ஹிஸ்டரி-லிமிட் 20000
செட் -ஜி பேஸ்-இண்டெக்ஸ் 1
செட் -எஸ் எஸ்கேப்-டைம் 10

முதல் வரி சுட்டியால் மேலே கீழே போகவும் பலகத்தைத் தெரிவு செய்யவும் உதவும். அதன் பின் எழுத்தைப் பிரதியெடுக்க வேண்டுமானால், பெரும்பாலான முனையங்களில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு தெரிவு செய்யவேண்டும். இரண்டாவது வரி 20,000 வரிகளை நினைவில் வைக்கும். புதிதாகத் திறக்கும் பலகங்களுக்கே இது பொருந்தும். நினைவகம் குறைந்த சிறிய வழங்கிகளில் இந்த எண்ணை அளவுக்கு மீறிக் கூட்டவேண்டாம். மூன்றாவது வரி சாளர எண்களை 0இல் அல்லாமல் 1இல் தொடங்கும். நான்காவது, எஸ்கேப் விசையை அழுத்தியதும் ஏற்படும் தாமதத்தைக் குறைக்கும். பழைய பதிப்புகளில் அது அரை வினாடி. விம் பாவிப்போருக்கு இது பெரிய நிம்மதி.

ஒன்றுக்கு மேற்பட்ட வழங்கிகளில் வேலை செய்வோர் ஒவ்வொன்றிலும் பட்டையின் நிறத்தை மாற்றி வையுங்கள். 'செட் -ஜி ஸ்டேட்டஸ்-ஸ்டைல் பிஜி=ரெட்' என்ற வரி பட்டையைச் சிவப்பாக்கும். மூலப் பிரதிகள் இருக்கும் வழங்கிக்குச் சிவப்பு, பரிசோதனைக்குப் பச்சை என்று பழகினால், தூக்கக் கலக்கத்தில் தவறான இடத்தில் அழிப்புக் கட்டளை கொடுக்கும் ஆபத்துக் குறையும். பட்டையில் தெரியும் மணி வழங்கியின் மணி, நமது மணி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோப்பை மாற்றினால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் ரீமக்ஸ் அதைத் தானாக மறுபடி வாசிக்காது. 'ரீமக்ஸ் சோர்ஸ்-ஃபைல்' என்று கொடுத்து, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரையும் கொடுக்கவேண்டும். ஒரு வரியை அழித்துவிட்டு இப்படி வாசிக்கச் செய்தாலும் பழைய அமைப்பு போகாது. அதற்கு எதிரான மதிப்பை எழுதி மறுபடி வாசிக்கச் செய்யுங்கள். சிக்கல் உங்கள் அமைப்புக் கோப்பிலா வேறெங்குமா என்று அறிய 'ரீமக்ஸ் -எல் சோதனை -எஃப் /டெவ்/நல்' என்று தொடங்குங்கள். இதில் எல் பெரிய எழுத்து, எஃப் சிறிய எழுத்து. இது அமைப்புக் கோப்பை வாசிக்காமல் தனியாக ஒரு ரீமக்ஸைத் தொடங்கும். ஓடும் வேலைகளுக்குப் பாதிப்பில்லை.

திறந்து கிடக்கும் அமர்வு

ரீமக்ஸின் பலமே அதன் ஆபத்தும். நீங்கள் கழன்று போன பின்னும் அமர்வு திறந்தே கிடக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள், சாட்சியங்கள், காணி உறுதிகள் போன்றவற்றைக் கையாள்வோர் இதைக் கவனிக்கவேண்டும்.

ஒரே பயனர் பெயரைப் பலர் பகிர்ந்தால் யாரும் உங்கள் அமர்வுக்குள் நுழைந்து, திரையில் இருப்பதையும் மேலே போன வரிகளையும் வாசிக்கலாம். வழங்கியின் நிர்வாகியாலும் முடியும். ஆளுக்கொரு பயனர் பெயர் வேண்டும். ரகசியமான கோப்புகளைத் திரையில் விரித்துப் பார்த்திருந்தால் அந்தச் சாளரத்தை மூடிவிட்டே கழலுங்கள். எல்லோரும் நுழையும்படி இணைப்புக் கோப்பின் அனுமதியைத் திறந்துவிடச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர் உதவிக்கு வருகிறார் என்றால், உங்கள் திரையை அவர் பார்க்கமட்டும் போதுமானால், 'ரீமக்ஸ் அட்டாச் -ஆர்' என்று நுழையச் சொல்லுங்கள். அவரது விசைகள் தவறுதலாக உங்கள் வேலையில் விழாது. ஆனால் இது கைதவறலுக்கான காப்பு மட்டுமே. உங்கள் பயனர் பெயரில் நுழையக்கூடியவர் நினைத்தால் எதையும் செய்யலாம். நம்பிக்கைக்குரியவருக்கே அந்த அனுமதியைக் கொடுங்கள்.

ரீமக்ஸால் முடியாதது

உங்கள் வீட்டு மின்வெட்டிலிருந்து ரீமக்ஸ் காப்பாற்றும். வழங்கியே நின்றால் காப்பாற்றாது. வேலை அலுவலகத்தின் ஒரு மூலையில் இருக்கும் கணினியில் ஓடுகிறதென்றால், அந்த அறையின் மின்சாரம் போனால் எல்லாம் போகும். அங்கே யூபிஎஸ் வேண்டும். ரீமக்ஸ் ரெசரெக்ட் என்ற இணைப்பு நிரல் மறுதொடக்கத்தின் பின் சாளரங்களின் அமைப்பைத் திரும்பக் கொண்டுவரும். ஆனால் பாதியில் நின்ற கணக்கீட்டை விட்ட இடத்திலிருந்து அது தொடராது.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். 400 பக்கத்தையும் ஒரே கோப்பாக எழுதச் சொல்லாமல், பக்கத்துக்கொரு கோப்பாக எழுதச் செய்யுங்கள். ஏற்கனவே முடிந்த பக்கத்தின் கோப்பு இருந்தால் அதைத் தாண்டிப் போகும்படி நிரலில் ஒரு நிபந்தனை சேருங்கள். அப்போது எது நின்றாலும் 310 பக்கங்கள் கையில் இருக்கும். 311இலிருந்து தொடங்கினால் போதும். முடிந்தவற்றின் பிரதியொன்றை வேறொரு இடத்திலும் வையுங்கள்.

இரவில் வேலையை ஓடவிட்டுப் படுக்கப்போக முன்னர் நான்கைப் பாருங்கள். ரீமக்ஸ் வழங்கியில் தொடங்கப்பட்டதா? அமர்வுக்குப் பெயர் இருக்கிறதா? முடிந்த பக்கங்கள் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றனவா? ஒருமுறை கழன்று, மீண்டும் நுழைந்து, வேலை ஓடுவதைக் கண்ணால் பார்த்தீர்களா? நான்குக்கும் ஆம் என்றால் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு நித்திரைக்குப் போகலாம்.